புத்தகத்தோடு ஒரு ரப்பர்

1

எங்கள் நூலகத்துக்கு வேண்டிய காகிதம், பேனா, ஒட்டும் டேப் எல்லாவற்றையும் வரவழைப்பது பெரித்தின் வேலை. போன வாரம் அவள் கணினியிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"தேவி, பென்சில் அழிக்கிற ரப்பர் ஒரு பெட்டி முழுக்கத் தீர்ந்துபோயிருக்கிறது. இங்கே யார் அதைத் தின்பது?"

"நான்தான். வெளியூர் நூலகங்களுக்குப் போகிற பார்சலில் ஆளுக்கு ஒன்று வைக்கிறேன்."

"எல்லாப் பார்சலிலுமா?"

"பரீட்சைக்குப் படிக்கிற புத்தகம் போனால் மட்டும்."

பெரித் சிரித்துவிட்டு ரப்பருக்கும் ஆர்டர் போட்டாள். அவள் எங்கள் தலைமை நூலகர், என் அம்மா வயது. அவளை நான் 'அவள்' என்று எழுதுவது உங்களுக்கு உறுத்தலாம். இந்த ஊரில் மேயரையே பெயர் சொல்லி, நீ என்றுதான் கூப்பிட வேண்டும். வந்த புதிதில் வாக்கியத்துக்கு வாக்கியம் மரியாதை சேர்த்துப் பேசிப் பார்த்தேன். எனக்கு ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ரப்பர் ஏன் என்பது பெரித்துக்குத் தெரியும். என் சொந்த ஊரான செஞ்சியின் கிளை நூலகத்தில் உட்கார்ந்து படித்தவர்களுக்கு அதில் பாதி தெரியும். மீதிப் பாதி இங்கே நடந்தது.

நான் இருப்பது நார்வேயின் வடக்கே, கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளில் ஒன்றில். மீன் ஆலை ஒன்று, பள்ளிக்கூடம் ஒன்று, முதியோர் இல்லம் ஒன்று, கடை ஒன்று, நூலகம் ஒன்று. எல்லாமே ஒன்று என்பதால் வழி கேட்க வேண்டிய தேவையே வராது. வெளிநாட்டு மாணவர்களிடம் கட்டணம் வாங்காத காலத்தில் நூலகவியல் மேல்படிப்புக்கு வந்தேன். மொழியைக் கற்றேன், தேர்வு எழுதினேன், இந்த வேலையை வாங்கினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். இதைக் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

வந்ததும் முதல் சிக்கல் பெயரில் வந்தது. இங்கே எல்லோருக்கும் குடும்பப் பெயர் இருக்க வேண்டும். எனக்கு இருந்தது இனிஷியல் மட்டும். அதை விரித்து எழுதச் சொன்னார்கள். நைனாவின் பெயர் மூர்த்தி என்று எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அரசாங்கக் கடிதம், வங்கிக் கடிதம், பல் டாக்டரின் கடிதம் எல்லாம் மூர்த்தியைத்தான் விசாரிக்கின்றன. ஆஸ்பத்திரியில் "மூர்த்தி" என்று கூப்பிட்டால் நைனா எங்கே என்று திரும்பிப் பார்ப்பேன். பெரிய எரிச்சலாக இருந்தது. பிறகு நூலகக் கதவில் 'தேவி மூர்த்தி' என்று பலகை மாட்டினார்கள். அதைப் படம் எடுத்து அனுப்பி, என்ன எழுதியிருக்கிறது என்று போனில் சொன்னேன்.

"இன்னாமா, நான் எப்ப அங்க வேலைக்குச் சேந்தேன்?" என்றார் நைனா. அதற்குப் பிறகு அந்த எரிச்சல் போய்விட்டது.

2

நைனா செஞ்சி கமிட்டியில், அரசு நெல் விற்பனைக்கூடத்தில், மூட்டை தூக்குகிறவர். நெல் வரும் பருவத்தில் விற்பனைக்கூடத்துக்கு வெளியே வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். அவர் எப்போது வீடு திரும்புவார் என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் நூலகத்துக்குப் போய் அவருக்காகக் காத்திருப்பேன். அங்கே மின்விசிறி இருந்தது, குடிக்கத் தண்ணீர் இருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்தால் கோட்டையிலிருந்து இறங்கிவரும் குரங்கும் வரும் என்பதால் அது எப்போதும் மூடியே இருந்தது.

நூலகர் லோகநாயகி அக்கா. வாய் கொஞ்சம் ஜாஸ்தி. பிளஸ் டூவில் நான் வணிகவியல் எடுத்திருந்தேன். கணக்குப்பதிவியலுக்குப் பழைய வினாத்தாள் தொகுப்பு செஞ்சியில் இல்லை. இருந்த ஒன்றை யாரோ எடுத்துப் போய்த் திருப்பித் தரவில்லை. பக்கத்து ஊர் அனந்தபுரம் நூலகத்தில் ஒன்று இருந்தது. லோகநாயகி அக்கா அங்கே இருந்த நூலகர் ஜெயபாலன் அண்ணனுக்குப் போன் போடுவார்.

"அண்ணே, அந்தக் கணக்குப் புத்தகத்த சாயங்கால வண்டில போட்டு உடுங்க. பொண்ணு நிக்குது."

"சீக்கிரம் சொல்லக் கூடாதாமா? நான் சாப்புட வூட்டுக்குப் போவணும்."

ஜெயபாலன் அண்ணன் ஜைனர். பொழுது சாய்வதற்குள் ராச்சாப்பாட்டை முடித்துவிடுவார். அதனால் அந்தக் கட்டு எப்போதும் வெளிச்சம் இருக்கும்போதே பஸ் ஏறிவிடும். நான் இப்போது இருக்கும் ஊரில் கோடையில் சூரியன் மறைவதே இல்லை, குளிர்காலத்தில் உதிப்பதே இல்லை. அவர் இங்கே வந்தால் பாதி வருஷம் சாப்பிட்டுக்கொண்டே இருக்கலாம், மீதி வருஷம் பட்டினிதான்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். செய்தித்தாளில் சுற்றிச் சணல் கட்டிய புத்தகம் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வரும். மேலே பெயரோ விலாசமோ இருக்காது. கண்டக்டர் படியில் நின்றபடி சத்தம் போடுவார்.

"கமிட்டி மூர்த்தி பொண்ணு யாரும்மா? இந்தா. டிக்கெட் வாங்காத ஆளு எறங்குது, புடி."

ஒரு நூலகத்துப் புத்தகம் இப்படி இன்னொரு ஊருக்குப் போக விதியில் இடம் உண்டா என்று அப்போது எனக்குத் தெரியாது. நூலகவியல் படித்த பிறகு தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

கட்டைப் பிரித்தால் புத்தகத்தோடு ஒரு ரப்பர் இருக்கும். இதுதான் அந்த இரண்டு நூலகங்களின் வழக்கம். வினாத்தாள் தொகுப்பு என்றால் முன்னால் படித்தவர் பென்சிலில் விடை எழுதியிருப்பார். விடை தெரிந்துவிட்டால் அடுத்தவருக்கு அது வினாவே இல்லை. அதனால் புத்தகத்தைத் திருப்பித் தரும்போது மேசையிலேயே உட்கார்ந்து அழித்துக் கொடுத்தால்தான் அக்கா கார்டைக் கையில் எடுப்பார்.

"இன்னா கண்ணு, கிறுக்கினதோட எடுத்தாந்து நீட்ற? குந்து. அழிச்சிட்டுக் குடு."

"நான் கிறுக்கலக்கா. முன்னாடி படிச்சவங்க."

"எவன் கிறுக்குனா இன்னா? இப்ப உங்கைலதான இருக்குது?"

அழித்தேன். ரப்பர் தூளை ஊதினால் அதற்கும் திட்டு விழும், வெளியே கொண்டுபோய்த் தட்ட வேண்டும். பிறகு அந்தப் புத்தகம், அதே ரப்பரோடு, அனந்தபுரம் வண்டியில் ஏறும். அங்கே இல்லாத ஏதாவது இங்கிருந்து கூடவே போகும்.

அந்தத் தேர்வில் பள்ளியிலேயே கணக்குப்பதிவியலில் முதல் மதிப்பெண் என்னுடையது. நூலகவியல் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது எங்கள் தெருவில் பலருக்கு அது படிப்பு என்றே தெரியாது. "புக்க அடுக்கி வைக்கவா காலேஜி?" என்றார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

3

மலர் எங்கள் தீவின் மீன் ஆலையில் வேலை செய்தவர். ஊர் முல்லைத்தீவுப் பக்கம். என்னைவிடப் பல வருஷம் மூத்தவர். ஆனாலும் அக்கா என்று கூப்பிடக் கூடாது என்பார், கிழவியாகிவிட்டது போல இருக்குமாம். மகள் யாழினிக்குப் பத்து வயது. அம்மா தமிழில் கேட்பதற்கு அவள் நார்வே மொழியில் பதில் சொல்வாள். "சாப்பிட்டாச்சோ?" என்றால் ஆமாம் என்று அந்த மொழியில் வரும். அதில் இருவருக்கும் சண்டை இல்லை. ரேடியோவில் இரண்டு நிலையங்கள் ஒரே சமயத்தில் கேட்பது போல இருக்கும், அவ்வளவுதான். மலருக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு சலிப்பு. "நான் சொல்லுறது அவளுக்கு விளங்குது. அவள் சொல்லுறதிலதான் எனக்குப் பாதி விளங்கேல்ல," என்பார்.

சனி ஞாயிறுகளில் மலர் முதியோர் இல்லத்தில் மாற்று ஆளாகப் போவார். அங்கே அவரை எல்லோருக்கும் பிடிக்கும். நிரந்தர இடம் ஒன்று காலியாயிற்று. அது வேண்டுமென்றால் பராமரிப்புப் பணிக்கான எழுத்துத் தேர்வில் தேற வேண்டும். தேர்வு கடற்கரை நகரத்தில், குளிர்காலத் தொடக்கத்தில். அதைத் தவறவிட்டால் அடுத்தது அரை வருஷம் கழித்து. அதுவரை இடம் காத்திருக்காது.

"கிடைக்காட்டி திரும்பவும் மீன் வெட்டத்தான் வேணும், தேவி. கையெல்லாம் விறைச்சுப் போச்சு. இனி ஏலாது," என்றார்.

வேலை அவருக்குத் தெரியும். படுக்கையில் இருப்பவரைப் புரட்டுவது, மறதி வந்தவரை அமைதிப்படுத்துவது எல்லாம் கைக்குப் பழகியவை. தேர்வுத்தாளில் அவற்றுக்கு இருக்கும் பெரிய பெரிய சொற்கள்தான் அவரை மிரட்டின. தேர்வு அறைக்குள் இருமொழி அகராதி கொண்டுபோகலாம். ஆனால் அச்சடித்த புத்தகமாக இருக்க வேண்டும், போன் கூடாது.

நார்வே மொழி–தமிழ் அகராதி அச்சில் வந்தது எப்போதோ. எல்லோரும் போனில் பார்க்கத் தொடங்கியதும் நின்றுவிட்டது. எங்கள் நூலகத்தில் இருந்த பிரதியை, யாரும் எடுக்கவில்லை என்று நான் வருவதற்கு முன்பே கழித்துவிட்டார்கள். நாட்டின் எல்லா நூலகங்களையும் ஒரே இடத்தில் தேடலாம், தேடினேன். தலைநகரில் ஒரு பிரதி காட்டியது, அங்கேயே உட்கார்ந்து படிக்க மட்டும். படிவம் போட்டேன். வெளியே தருவதில்லை என்று மிக நாகரிகமான பதில் வந்தது. இன்னொரு படிவம் போட்டேன். அதே பதில், இன்னும் கூடுதல் நாகரிகத்தோடு.

அப்போதுதான் லோகநாயகி அக்கா படிவம் எதுவும் போட்டதில்லை என்பது நினைவுக்கு வந்தது. அவர் போன் போடுவார். இந்த நாட்டு நூலகர்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் குழு உண்டு. அதில் எழுதினேன். பெரித் அனுப்புவதற்கு முன்பு வாங்கிப் பார்த்தாள்.

"தேவி, இதில் நீ நாலு முறை கெஞ்சியிருக்கிறாய். யாராவது உன்னைக் கடத்திவிட்டார்களோ என்று நினைப்பார்கள். என்ன வேண்டும், யாருக்கு, எப்போது. அதை மட்டும் எழுது."

இந்த மொழியில் 'தயவுசெய்து' அவ்வளவாகப் புழங்குவதில்லை. எனக்கு அது இல்லாமல் உதவி கேட்கவே வராது. நான்கையும் எடுத்துவிட்டு அனுப்பினேன். ஒருவர் சிங்கள அகராதி இருக்கிறது, உதவுமா என்று கேட்டார். ஒருவர் என் கடிதத்தைத் தன் பக்கத்து ஊருக்கு அனுப்பி வைத்தார், அந்த ஊர்க்காரர் இன்னொருவருக்கு. மறுநாள் எனக்குப் போன் வந்தது. மலைக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு ஊரின் நூலகர்.

"நீ தேடுகிற புத்தகம் என்னிடம் இருக்கிறது. ஆனால் கணினியில் இருக்காது. பல வருஷம் முன்பே கழித்ததாகப் பதிந்துவிட்டோம். தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. இங்கே அகதிகள் முகாம் இருந்தபோது அதற்கு வரிசையில் நின்றார்கள்."

கழித்ததாகக் கணக்கில் இருந்த புத்தகத்தைக் கண்டுபிடிக்க எந்தக் கணினியாலும் முடிந்திருக்காது. அவரும் நானும் போனில் சத்தம் போட்டுச் சிரித்தோம். அன்றே தபாலில் போட்டுவிட்டார்.

4

தபால் தாமதமானது. மலைப்பாதையில் பனி. அகராதி எங்கள் கடற்பகுதிக்கு, அக்கரைத் துறைமுக ஊரின் நூலகத்துக்கு, வந்து சேர்ந்தது தேர்வுக்கு முந்தைய நாள். அங்கிருந்து மதியப் படகில் ஏற்றிவிடுவதாக அந்த நூலகர் சொன்னார். அந்தப் படகு எங்கள் தீவு வழியாகப் போய், தேர்வு நடக்கும் நகரத்தில் இரவு தங்கும். நான் படகுத்துறையில் வாங்கி மலரிடம் கொடுப்பது, அவர் ஒரு ராத்திரி வைத்துப் புரட்டிவிட்டுக் காலைப் படகில் நகரத்துக்குப் போவது. இதுதான் ஏற்பாடு.

மதியம்தான், ஆனால் இருட்டிவிட்டது. மலரும் யாழினியும் கூட வந்தார்கள். படகின் விளக்கு தெரிந்தது. நான் முன்னால் போய்க் கையைத் தூக்கி ஆட்டினேன். படகு நேராகப் போனது. இரண்டு கையாலும் ஆட்டினேன், கூப்பிட்டேன். படகிலிருந்து யாரோ ஒருவர் அன்பாகப் பதிலுக்குக் கை ஆட்டினார். விளக்கு வளைவில் திரும்பி மறைந்தது.

சின்னத் தீவுகளில் இந்தப் படகு கேட்டால்தான் நிற்கும். ஏறவோ இறங்கவோ ஆள் இருந்தால் முன்கூட்டியே போன் செய்ய வேண்டும். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஊருக்குப் போகும்போதெல்லாம் செய்திருக்கிறேன். அன்று நான் எங்கும் போகவில்லை, ஒரு கட்டு வாங்கத்தானே நிற்கிறேன் என்று அது தோன்றவே இல்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நிற்பது போல நின்றுவிட்டேன்.

"படகுக்குப் போன் பண்ண வேண்டும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும்," என்றாள் யாழினி, அவள் மொழியில்.

மலர் திட்டியிருந்தால் தேவலை. "என்னப்பா நீர், கையைக் காட்டினா நிக்கிறதுக்கு இது என்ன மினிபஸ்ஸோ?" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "விடும். அகராதி இல்லாமலும் எழுதலாம். எழுதத்தானே வேணும்."

நூலகத்துக்கு ஓடிவந்து பெரித்திடம் சொன்னேன். அவள் கோட்டைக் கழற்றிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"படகு எங்கே போய் நிற்கும்?"

"நகரத்தில்."

"தேர்வு எங்கே?"

"நகரத்தில்."

"அப்படியென்றால் புத்தகம் மலருக்கு முன்னால் போய்ச் சேருகிறது. நீ ஏன் அழுகிறாய்? ஊலாவுக்குப் போன் போடு."

ஊலா நகர நூலகத்தின் நூலகர். நான் அவரைப் பார்த்ததே இல்லை. தன் பெயரை மட்டும் சொல்லிப் போனை எடுத்தார். நானும் என்ன வேண்டும், யாருக்கு, எப்போது என்று மட்டும் சொன்னேன். "படகு வந்ததும் போகிறேன்," என்றார்.

5

ஒரு மணி நேரத்துக்குள் அவரே கூப்பிட்டார்.

"புத்தகம் கையில் இருக்கிறது. ஒரு பிரச்சினை. இது முழுக்க யாரோ எழுதியிருக்கிறார்கள்."

தேர்வு விதியில் அந்த வரியும் உண்டு. அகராதியில் கையால் எழுதிய குறிப்பு எதுவும் இருக்கக் கூடாது. புத்தகம் என் கைக்கு வந்திருந்தால் நான் பார்த்திருப்பேன். ஊலா இரண்டு பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினார். ஓரமெல்லாம் பென்சில். பலருடைய கையெழுத்து. அச்சில் இருந்த தமிழ்ச்சொல் பிடிக்காமல் தங்கள் ஊர்ச் சொல்லை எழுதியிருந்தார்கள். கிறுக்கலும் இருந்தது. காத்திருத்தல் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் யாரோ 'இன்னும்' என்று எழுதியிருந்தார்கள்.

எழுதியவர் யார், அவருக்கு இந்த நாட்டில் தங்க அனுமதி கிடைத்ததா, இப்போது எங்கே இருக்கிறார், எதுவும் தெரியாது. புத்தகமும் எங்களுடையது இல்லை. பள்ளத்தாக்கு ஊருக்குப் போன் செய்து, அழிக்கலாமா என்று கேட்டேன்.

"எனக்கு அந்த எழுத்து ஒன்றும் புரியாது. ஆனால் அதற்காகத்தான் அந்தப் புத்தகத்தை வைத்திருந்தேன்," என்றார். பிறகு, "எழுதினவர்கள் எல்லாம் படித்து முடித்துப் போய்விட்டார்கள், தேவி. நாளைக்குப் படிக்கப் போகிறவளுக்கு எப்படி வேண்டுமோ அப்படிச் செய்," என்றார்.

எனக்குக் கேட்டது வேறு குரல். இப்ப உங்கைலதான இருக்குது?

ஊலாவிடம் சொன்னேன். "எங்கள் ஊரில் இதற்கு வழக்கம் ஒன்று இருக்கிறது. உங்கள் நூலகத்தில் ரப்பர் எவ்வளவு இருக்கும்?"

அன்று அவர்கள் நூலகத்தில் பின்னல் குழு கூடும் நாள். கம்பளி நூலும் ஊசியுமாகப் பத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்களாம். ஊலா விஷயத்தைச் சொன்னதும் ஊசியை வைத்துவிட்டார்கள். ஒருத்தி பக்கத்தைப் பிடிக்க, ஒருத்தி அழிக்க, கை வலித்தால் அடுத்தவள். எங்கே சிக்கல் என்றால், அவர்கள் யாருக்கும் தமிழ் தெரியாது. எது அச்சு, எது பென்சில் என்பது பெரிய எழுத்தில் தெரிந்துவிடும். புள்ளிகள்தான் கஷ்டம். ஊலா ஒவ்வொன்றாகப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார்.

"இந்தப் புள்ளி உங்கள் எழுத்தைச் சேர்ந்ததா, பென்சிலா?"

"எங்களுடையது. விட்டுவிடுங்கள்."

"இது?"

"பென்சில்."

"இது?"

"அது ஈ உட்கார்ந்த அடையாளம்."

"அழிக்கலாமா?"

"உங்கள் விருப்பம்."

பெரித் எனக்குக் காபி போட்டுக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து புள்ளி பார்க்கக் கற்றுக்கொண்டாள். நூலகம் மூடும் நேரத்துக்கு ஊலா கடைசிப் படத்தை அனுப்பினார். ஓரம் வெள்ளையாக ஒரு பக்கம், மேசை முழுக்கத் தூள், பின்னால் சிரித்துக்கொண்டு நிற்கும் பெண்கள். ஒருத்தியின் கழுத்தில் பாதி பின்னிய சட்டைக் கை தொங்கியது. மலருக்கு அனுப்பினேன். "ஆர் இவையள்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். உண்மை அதுதான்.

காலையில் மலர் படகை விட்டு இறங்கியபோது ஊலா துறையில் நின்றிருந்தார். ஆள் அடையாளம் எப்படித் தெரிந்தது என்று பிறகு கேட்டேன். "படகிலிருந்து இறங்கியவர்களில் அவ்வளவு பயந்த முகம் ஒன்றுதான் இருந்தது," என்றார். தேர்வு நடக்கும் பள்ளிக்கூடம் வரை கூடவே நடந்து, தேர்வு மேற்பார்வையாளரிடம் அகராதியைத் தானே கொடுத்து, புரட்டிக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

அன்று சாயங்காலம் மலர் திரும்பி வந்தார். எத்தனை சொல் பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"ரெண்டு. விழுங்குறது சம்பந்தமா ஒண்டு. மற்றது முதலே தெரியும், ஒருக்கால் சரி பார்த்தனான். பக்கத்தில கிடந்ததே காணும்."

அவர் ஊரில் 'காணும்' என்றால் போதும் என்று அர்த்தம். எனக்கும் காணும்.

6

முடிவு வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை அகராதி மலர் வீட்டில் இருக்கட்டும் என்று பள்ளத்தாக்கு ஊர் நூலகர் தவணையை நீட்டித்தார். யாழினி அதில் முதலில் வசவுகளைத் தேடினாள். அம்மா தினமும் சொல்வதில் ஒன்றுகூட இல்லையே என்று என்னிடம் வந்து புகார் செய்தாள். பிறகு வேறு சொற்களைத் தேடினாள். ஒருநாள் நூலகத்துக்கு வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு யோசித்து, "தேவி, எனக்கு... அலுப்பு," என்று தமிழில் சொன்னாள். உலகத்தில் எத்தனையோ சொல் இருக்க அவளுக்குக் கிடைத்தது அது. மலர் இதை ஊரெல்லாம் போன் போட்டுச் சொன்னார்.

மலர் தேறினார். முதியோர் இல்லத்தில் அந்த இடம் இப்போது அவருடையது. மீன் ஆலையில் கொடுத்த ரப்பர் பூட்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது அழுததாகச் சொன்னார். சந்தோஷத்திலா என்று கேட்டேன். "ஓம், வேற என்னத்துக்கு?" என்றார்.

அகராதியைத் திருப்பி அனுப்ப வேண்டிய நாள் வந்தபோது பள்ளத்தாக்கு ஊரிலிருந்து செய்தி வந்தது. அதை மறுபடி கணினியில் ஏற்றிவிட்டார்கள். ஏற்றிய கையோடு தெற்கே ஒரு நூலகம் கேட்டிருக்கிறது. அங்கேயும் ஒரு தமிழர், அதே தேர்வு. இங்கே திரும்பி வராமல் உங்களிடமிருந்து நேராகவே போகட்டும் என்றார். யாழினி ஓரங்களில் போட்டு வைத்திருந்த பூக்களையும் பூனைகளையும் அவளையே உட்கார வைத்து அழிக்கச் சொன்னேன். "நான் மட்டுமா வரைந்தேன், அம்மாவும் எழுதியிருக்கிறாள்," என்றாள். புத்தகம் இப்போது உன் கையில்தான் இருக்கிறது என்றேன். பழைய சொந்தச் சொத்து போல வாயில் வந்தது.

லோகநாயகி அக்காவுக்கு வீடியோவில் எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் செஞ்சி நூலகத்தின் மூடிய ஜன்னல் தெரிந்தது.

"ஒரு டிக்ஷ்னரிக்கு இத்தினி பேரா?" என்றார். "நாங்க ரெண்டே பேரு. ஒரு கண்டக்டரு. அதுவும் நான் போன் பண்ணா வண்டி நிக்கும்."

"அங்க பஸ் ஸ்டாண்டுல எல்லா வண்டியும் நிக்கும்க்கா."

"எதுத்துப் பேசாத. ரப்பர் வச்சி அனுப்புனியா?"

"நாளைக்கு அனுப்புறேன். வைக்கிறேன்."

மறுநாள் படகு அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

"எத்தனை பேர் ஏறுகிறார்கள்?"

"ஆள் யாரும் ஏறவில்லை."

"இறங்குகிறவர்கள்?"

"அதுவும் இல்லை. ஒரு புத்தகம் போக வேண்டும்."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. இன்னொரு படிவம் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"சரி," என்றார். "நிறுத்தச் சொல்கிறேன்."

மலர் முதியோர் இல்லத்துச் சீருடையிலேயே துறைக்கு வந்திருந்தார். புத்தகக் கட்டை அவர்தான் வைத்திருந்தார். யாழினி துறைப் பலகையின் நுனியில் நின்று, தேவையே இல்லாமல், கையைத் தூக்கி ஆட்டினாள். விளக்கு எங்கள் பக்கம் திரும்பியது. அவ்வளவு பெரிய படகு வேகத்தைக் குறைத்து வந்து துறையில் ஒட்டி நின்றது. படகுப் பணியாளர் கை நீட்டி வாங்கினார். எங்களுக்குப் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

கட்டைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். படகு நகரத் தொடங்கிவிட்டது.

"உள்ளே ஏதோ உருளுகிறதே?"

"ரப்பர்!"

"யாருக்கு?"

எஞ்சின் சத்தத்துக்கு மேலே நான் கத்துவதற்குள் யாழினி கத்திவிட்டாள். "அடுத்த ஆளுக்கு!" என்றாள், தமிழில். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. தலையை ஆட்டிவிட்டு, கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.